படகில் தண்ணீர் ஏற்றி அலை செய்வது எப்படி?



இந்த வார எபிசோடின் கடைசியில் ஒரு நேயர் கேள்வியைப் படித்துவிட்டு, "இதை ஆடியோவில் சொன்னா புரியாது, நியூஸ்லெட்டர்ல விரிவா எழுதுறேன்" என்று சொல்லியிருந்தேன். கேட்டவர் ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு அண்ணா. அவர் அனுப்பியது இதுதான்: "ஆகஸ்ட் லோங் வீக்கெண்டுக்கு நாலு குடும்பமாச் சேந்து கொட்டேஜ் எடுத்திருக்கிறம். அதோட ஒரு வேக்சர்ஃப் போட்டும் வருது. ஸ்கிரீன்ல கன பட்டன் கிடக்கு. எதை எவ்வளவு வைச்சா நல்ல அலை வரும்?"

நல்ல கேள்வி. வெளியில் இருந்து பார்த்தால் விளையாட்டு. உள்ளே போனால் பம்ப், சென்சார், கன்ட்ரோல் லூப், கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் சட்டம் என்று நம்ம ஏரியாவுக்கே வந்துவிடுகிறது.

இதுவரை பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: வேக்சர்ஃபிங் என்றால் ஓடும் படகுக்குப் பின்னால் எழும் அலையில் பலகை போட்டுச் சறுக்குவது. முதலில் கயிற்றைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். அலை நம்மைத் தள்ள ஆரம்பித்ததும் கயிற்றை விட்டுவிடலாம். கடல் அலை கரைக்கு வந்தால் முடிந்துவிடும். இந்த அலை படகு ஓடும் வரை முடியாது. அந்த அலையைப் பெரிதாக்கப் படகுக்குள் ஏற்றும் பாரம்தான் பேலஸ்ட். பெரும்பாலும் அது ஏரித் தண்ணீரேதான்.

அலை எங்கிருந்து வருகிறது?

பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான். ஒரு படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித்தான் மிதக்கிறது. உதாரணத்துக்கு, காலியாக 2,200 கிலோ உள்ள ஒரு படகு. அதில் 1,500 கிலோ தண்ணீர் ஏற்றி, 75 கிலோ வீதம் 8 பேரை உட்கார வைத்தால் மொத்தம் 4,300 கிலோ. அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படகு ஓடும்போது ஒவ்வொரு நொடியும் அவ்வளவு தண்ணீரை ஓரம் தள்ளி, பின்னால் ஒரு பள்ளம் விட்டுச் செல்கிறது. இரண்டு பக்கத்தில் இருந்தும் தண்ணீர் அந்தப் பள்ளத்தை மூட ஓடி வருகிறது. அந்த ஓட்டம்தான் அலை.

அப்போ வேகம்? வேகம் அலையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஆழமான தண்ணீரில் இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. படகின் வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.64 ஆல் பெருக்கினால், படகைத் தொடர்ந்து வரும் முக்கிய அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். வேக்சர்ஃபிங் நடப்பது மணிக்கு சுமார் 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில். 17.7 என்று வைத்தால், அது 11 மைல், நொடிக்கு 4.9 மீட்டர். அலை நீளம் சுமார் 15 மீட்டர். ஒரு சாதாரண டிடிசி பஸ் 12 மீட்டர்தான்!

இங்கேதான் சுவாரசியம். 7 மீட்டர் நீளப் படகு மணிக்கு 12 கிலோமீட்டரில் போகும்போது அலை நீளமும் படகு நீளமும் சமம். அதைத் தாண்டினால் படகு தான் எழுப்பிய அலை மேலேயே ஏற ஆரம்பிக்கிறது: மூக்கு மேலே, பின்பக்கம் பள்ளத்தில். 30 கிலோமீட்டரைத் தாண்டினால் படகு தண்ணீரின் மேற்பரப்புக்கு ஏறிச் சறுக்கிப் போகும், அலை சிறிதாகிவிடும். இடையில் உள்ள இந்த ரெண்டுங்கெட்டான் வேகத்தை மற்ற படகோட்டிகள் சில நொடிகளில் கடந்துவிடுவார்கள். பெட்ரோல் குடிக்கும், முன்னால் எதுவும் தெரியாது. வேக்சர்ஃப் படகு மட்டும் நாள் முழுக்க வேண்டுமென்றே அங்கேயே நிற்கிறது, அதுவும் இரண்டு மடங்கு எடையோடு. கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலையின் சந்தோஷம், படகின் ஆபத்து, கரைக்காரரின் கோபம் எல்லாமே இதில் இருந்துதான் வருகின்றன.

முதலில் படகைப் பாருங்க

செட்டிங்குக்கு முன் ஒரு கேள்வி: புரோப்பெல்லர் எங்கே இருக்கிறது? வேக்சர்ஃப் செய்பவர் படகின் பின்பக்கத்தில் இருந்து சில மீட்டர் தூரத்தில்தான் இருப்பார். முன்னால் விழுந்தால் படகின் பின் மேடைக்குக் கிட்டவே விழுவார். அதனால் புரோப்பெல்லர் படகின் அடியில், பின் மேடைக்கு முன்னால் மறைந்திருக்கும் இன்போர்டு படகுதான் வேண்டும். புரோப்பெல்லர் முன்பக்கம் பார்த்திருக்கும் சில புது டிரைவ்களும் இதற்காகவே வந்தவை. பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரிலும், வழக்கமான ஸ்டெர்ன்டிரைவிலும் வேக்சர்ஃப் பண்ணவே கூடாது. "மெதுவாத்தானே போறோம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க.

அடுத்தது புகை. மெதுவாக, பின்பக்கம் தாழ்ந்து ஓடும் படகில் எஞ்சின் புகை பின் மேடை அருகே தேங்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எஞ்சின் ஓடும்போது பின் மேடையில் யாரும் உட்காரக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள். தலைவலி, மயக்கம் என்று யாராவது சொன்னால் "வெயில்" என்று விட்டுவிடாமல் உடனே எஞ்சினை நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிப் போங்க, உதவிக்கும் கூப்பிடுங்க.

தண்ணீர் எப்படி ஏறுகிறது

பேலஸ்ட் இரண்டு வகை. புதுப் படகுகளில் தரைக்கு அடியிலேயே டேங்குகள் இருக்கும்: நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று, பின் மூலைகளில் ஒவ்வொன்று. பழைய படகுகளில், அல்லது கூடுதலாக வேண்டும் என்றால், கனமான பைகளை வைத்து நிரப்புவார்கள். இவை 400, 750, 1,100 பவுண்டு என்ற அளவுகளில் பரவலாகக் கிடைக்கின்றன.

ஒரு கணக்கு போடுவோம். 750 பவுண்டு என்றால் 340 கிலோ, அதாவது 340 லிட்டர் தண்ணீர். மணிக்கு 800 அமெரிக்க கேலன் என்று பெட்டியில் எழுதியிருக்கும் பம்ப் இதை ஏழு நிமிடத்துக்குள் நிரப்ப வேண்டும். நடைமுறையில் குழாய் நீளம், வளைவு, பேட்டரி வோல்டேஜ் எல்லாம் சேர்ந்து அதைவிட அதிக நேரம் ஆகும். 340 கிலோ என்பது நாலரை ஆட்கள் ஒரே மூலையில் உட்கார்ந்த மாதிரி. ஒரு பையை ஒரு பக்கம் நிரப்பினாலே படகு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி சாயும்.

ஸ்க்ரீனில் "75%" என்று காட்டினால் உடனே நம்பாதீங்க. பல படகுகளில் அந்த எண் பம்ப் ஓடிய நேரத்தை வைத்துப் போட்ட கணக்குதான். உள்ளே உண்மையில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்தது இல்லை. பைக்குள் காற்று சிக்கினாலோ, பம்ப் காற்றை இழுத்தாலோ எண் ஏறும், தண்ணீர் ஏறாது. நிரம்பிவிட்டதா என்று பார்க்கச் சிறந்த வழி, படகின் வெளிப்பக்கம் உள்ள ஓவர்ஃப்ளோ துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று எட்டிப் பார்ப்பது. டாஷ்போர்டு பச்சையாக இருக்கும்போதே சர்வர் விழுந்து கிடப்பதைப் பார்த்த யாருக்கும் இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

தண்ணீருக்குப் பதிலாக ஈயம் அல்லது இரும்புக் குண்டு நிரப்பிய பைகளையும் சிலர் போடுவார்கள். இடம் மிச்சம்தான். ஆனால் அவசரத்தில் அதை பம்ப் போட்டு வெளியேற்ற முடியாது. இன்னொரு விஷயம்: படகுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்து மூழ்கும் நிலை வந்தால், தண்ணீர்ப் பை தண்ணீருக்குள் எடையே இல்லாத மாதிரி ஆகிவிடும். ஈயம் அப்படி இல்லை, கீழேதான் இழுக்கும். வாடகைப் படகில் அந்த வேலையே வேண்டாம்.

செட்டிங்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

முதலில் எந்தப் பக்கம் என்று முடிவு பண்ணுங்க. பலகையில் இடது காலை முன்னால் வைப்பவரை ரெகுலர் என்பார்கள். அவருக்குப் படகின் இடப்பக்க அலை வசதி. வலது கால் முன்னால் வைப்பவர் கூஃபி. அவருக்கு வலப்பக்க அலை. இப்படி நின்றால் முகம் அலையைப் பார்த்து இருக்கும்.

இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே நேரத்தில் நடுவில் மோதி நுரையாகிவிடும். சறுக்க ஒன்றும் மிஞ்சாது. ஒரு பக்க அலை சுத்தமாக வர, இன்னொரு பக்கத் தண்ணீரைக் கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டும். இதற்கு இரண்டு வழி.

பழைய வழி, படகையே சாய்ப்பது. எந்தப் பக்கம் அலை வேண்டுமோ, அந்தப் பக்கப் பின் மூலையில் பெரிய பை, நடுவிலும் முன்னாலும் அந்தப் பக்கமாகவே சின்னப் பை, எதிர்ப்பக்கப் பின் மூலை காலி. படகு சாய்ந்தபடியே ஓடும்.

புது வழி, பின்பக்கத்தில் ஒரு சின்னத் தகடு. மாலிபு நிறுவனம் 2013 மாடல் படகுகளோடு சர்ஃப் கேட் என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கியது. மற்ற நிறுவனங்களும் தங்கள் வடிவங்களோடு வந்தன. காப்புரிமை வழக்குகளும் கூடவே வந்தன. இதில் குழப்பும் விஷயம் ஒன்று: அலை வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் தகடுதான் வெளியே வரும். அது அந்தப் பக்கத் தண்ணீரைத் தள்ளித் தாமதமாக்க, நமக்கு வேண்டிய பக்கம் அலை சுத்தமாக நிற்கும். படகு நேராகவே இருக்கும், எல்லா டேங்கையும் சமமாக நிரப்பலாம், பக்கம் மாற்ற ஒரு பட்டன் போதும். அண்ணாவுக்கு வரும் படகில் டேப் பட்டன் இருப்பதால் அநேகமாக இந்த வகைதான்.

இப்போ தொடக்க நிலை: படகோடு வந்த டேங்குகளை மட்டும் சமமாக நிரப்புங்க. எல்லோரும் ஒரு இடத்தில் உட்காரட்டும். எங்கே உட்கார்ந்தார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்க. வேகம் 11 மைல், அதாவது 17.7 கிலோமீட்டர். தகடு, தயாரிப்பாளர் கொடுத்த நிலையில். ஒரு நிமிடம் நேராக ஓட்டிப் பின்னால் பாருங்க. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க:

• அலை உயரமாக, ஆனால் குட்டையாக இருந்தால்: பின்பக்கம் பாரம் அதிகம். முன்னால் கொஞ்சம் சேருங்க, அல்லது வேகத்தை 0.2 மைல் கூட்டுங்க.

• அலை நீளமாக, ஆனால் தட்டையாக, தள்ளுவதற்குத் தெம்பில்லாமல் இருந்தால்: பாரத்தைப் பின்னால் நகர்த்துங்க, அல்லது வேகத்தைக் குறையுங்க.

• அலையின் மேல் விளிம்பு நுரைத்து உடைந்தால்: எதிர்ப்பக்கத் தண்ணீர் சீக்கிரம் வந்து சேருகிறது. தகட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. தகடு இல்லாத படகில் சாய்வைக் கூட்டணும். அதிலும் சரியாகவில்லை என்றால் வேகத்தைச் சிறிது கூட்டுங்க.

• ஒரு ரவுண்டு நல்லா இருந்து அடுத்த ரவுண்டு கெட்டுப்போனால்: பெரும்பாலும் யாரோ இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். 75 கிலோ மாமா ஒருத்தர் சமோசா எடுக்க எதிர்ப்பக்கம் போனாலே அலை மாறும். மனுஷங்களும் பேலஸ்ட்தான், தானாக நகரும் பேலஸ்ட்.

வேகத்தில் 0.2 மைல் என்பது ரொம்பச் சின்னதாகத் தெரியலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கில் வேகம் இருமடிப் பெருக்கமாக வருகிறது. வேகம் 10 சதவீதம் கூடினால் அலை நீளம் 21 சதவீதம் கூடும். இதைக் கையால் பிடித்து வைக்க முடியாது. அதனால்தான் இந்தப் படகுகளில் ஜிபிஎஸ் வைத்து வேகத்தைப் பிடிக்கும் கருவி இருக்கிறது. இந்தத் துறையில் பெயர் பெற்ற பர்ஃபெக்ட்பாஸ் நம்ம கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த நிறுவனம்தான். எதிர்க்காற்று அடித்தாலும், எடை மாறினாலும் அது எஞ்சினை ஏற்றி இறக்கி வேகத்தை நிலையாக வைக்கும். அதை ஆன் பண்ணிவிட்டு மற்றதை மாற்றுங்க. இல்லையென்றால் எந்த மாற்றத்தால் அலை மாறியது என்றே தெரியாது.

ஒவ்வொரு மாற்றத்தையும் போனில் குறித்து வைங்க: எந்த டேங்க் எவ்வளவு, யார் எங்கே, வேகம், தகடு, அலை எப்படி. அரை மணி நேரத்தில் உங்கள் கூட்டத்துக்கென்று ஒரு செட்டிங் கிடைத்துவிடும்.

எவ்வளவு வரை ஏற்றலாம்?

"டேங்க் இருக்கு, இடம் இருக்கு, இன்னும் ரெண்டு பை போடலாமே?" இந்தக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது.

கனடாவில் 6 மீட்டர் வரை நீளமுள்ள படகில் ஒட்டியிருக்கும் இணக்க அறிவிப்பில் அதிகபட்ச எடை, ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் எழுதியிருக்கும். ஆனால் பல வேக்சர்ஃப் படகுகள் அதைவிட நீளமானவை. அந்த அறிவிப்பில் எடை எண் இல்லாவிட்டால் எல்லையே இல்லை என்று அர்த்தம் இல்லை. படகின் கையேட்டில் இருக்கும். அதைத் தேடிப் பாருங்க. ஆட்கள், பெட்ரோல், ஐஸ்பெட்டி, கூடுதல் பைகள் எல்லாம் அந்த எண்ணுக்குள் வரணும். டேங்குத் தண்ணீர் அதில் சேர்த்தியா இல்லையா என்பதையும் கையேட்டிலேயே பாருங்க. 12 பேர் உட்காரும் படகு என்றால், 12 பேரும் ஏறி, டேங்கும் நிரப்பி, மேலே பையும் போடலாம் என்று பொருள் இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பாரம் ஏற ஏற படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் உள்ள உயரம் குறைகிறது. முன்பக்கம் நிறைய பாரத்தோடு, ஒருவர் விழுந்தார் என்று சட்டென்று வேகத்தைக் குறைத்துத் திருப்பினால், நீங்கள் எழுப்பிய அலையே முன்பக்க விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடும். ஒரு அலையில் பல நூறு லிட்டர் வரலாம். அது முன்னாலேயே தேங்கினால் அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறும்.

அதனால் யாராவது விழுந்தால் வேகத்தை மெதுவாகக் குறைத்து, சொந்த அலையைக் கடந்து போகவிட்டு, பிறகு மெல்லத் திருப்புங்க. விழுந்தவர் லைஃப் ஜாக்கெட்டில் மிதப்பார். பத்து நொடி தாமதத்தால் ஒன்றும் ஆகாது. லைஃப் ஜாக்கெட் என்பது சீட்டுக்கு அடியில் வைக்கும் பொருள் இல்லை. நம்ம ஆட்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். படகில் ஏறுகிற எல்லோரும் போடட்டும், ஓட்டுபவர் உட்பட. போட்டோவுக்குக் கழட்டுவதும் வேண்டாம்.

சட்டப்படி இன்னும் சில: ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று வேண்டும். பின்னால் வருபவரைப் பார்ப்பதற்கென்று ஓட்டுபவர் தவிர இன்னொருவர் படகில் இருக்க வேண்டும். இழுக்கப்படுபவருக்குப் படகில் ஒரு இருக்கை காலியாக இருக்க வேண்டும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, மறுநாள் விடியும் வரை, யாரையும் இழுக்கக் கூடாது.

கரையில் இருப்பவர் பார்ப்பது

மஸ்கோகா பக்கம் காட்டேஜ் வைத்திருப்பவர்களிடம் வேக்சர்ஃப் படகு என்று சொல்லிப் பாருங்க, முகம் மாறும். காரணம் பொறாமை மட்டும் இல்லை.

ஒன்டாரியோவில் வேறு வேகம் குறித்துப் பலகை வைக்காத ஏரிகளில், கரையில் இருந்து 30 மீட்டருக்குள் 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த விதி வேகத்தைப் பார்க்கிறது. 31 மீட்டரில் 17 கிலோமீட்டரில் போகும் வேக்சர்ஃப் படகு, இந்த விதியைப் பொறுத்தவரை நல்ல பிள்ளை. ஆனால் அலையில் உள்ள சக்தி அலை உயரத்தின் இருமடிக்கு ஏற்ப கூடும். உயரம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்கு. 60 கிலோமீட்டரில் பறக்கும் படகைவிட 17 கிலோமீட்டரில் உழுதுகொண்டு போகும் படகு கரையை அதிகமாக அடிக்கும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயிண்ட் ஆந்தனி ஃபால்ஸ் ஆய்வகம் நான்கு படகுகளை ஒரு ஏரியில் ஓட்டி அலைகளை அளந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. சாதாரணப் படகு 200 அடி தூரத்தில் கரைக்கு என்ன செய்கிறதோ, அந்த அளவுக்கு வேக்சர்ஃப் படகின் அலை குறைய 500 அடிக்கு மேல் தேவை என்பது அதன் பரிந்துரை. 500 அடி என்றால் 152 மீட்டர். சட்டம் சொல்லும் 30 மீட்டரில் இருந்து ஐந்து மடங்கு.

ஆழமும் முக்கியம். படகின் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு தூக்கி ஓடுவதால் புரோப்பெல்லர் தள்ளும் நீரோட்டம் சாய்வாகக் கீழே பாயும். ஆழம் குறைந்த இடத்தில் அடிச் சேற்றைக் கிளறும். சேற்றில் படிந்திருந்த பாஸ்பரஸ் மேலே வந்து பாசிக்குத் தீனியாகும். உங்களுக்கும் லாபம் இல்லை: 15 மீட்டர் நீள அலை அதில் பாதிக்குக் குறைவான ஆழத்தில் அடியை உணர ஆரம்பிக்கும், வடிவமும் மாறும். ஸ்கூகாக் மாதிரி ஆழமே இல்லாத ஏரியில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் நல்ல அலை எதிர்பார்க்காதீங்க.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2024இல் இதை விதியாகவே ஆக்கிவிட்டது: கரையில் இருந்து 500 அடி, ஆழம் 20 அடி, இந்த இரண்டும் பொருந்தும் பரப்பு ஒரே இடத்தில் குறைந்தது 50 ஏக்கர் உள்ள ஏரிகளில் மட்டும். கனடாவில் படகுப் போக்குவரத்து மத்திய அரசின் அதிகாரம் என்பதால், ஊராட்சி நினைத்தவுடன் இப்படித் தடை போட முடியாது. டிரான்ஸ்போர்ட் கனடா வழியாகத்தான் போகணும். அதனால் இப்போதைக்கு இது நம்ம மரியாதையைப் பொறுத்தது. 150 மீட்டர் தள்ளி, 20 அடிக்கு மேல் ஆழத்தில், ஒரே கரை ஓரம் திரும்பத் திரும்பச் சுற்றாமல் ஓட்டுங்க. தண்ணீர் விளிம்பிலேயே கூடு கட்டும் லூன் பறவைக்கு, ஒரு பெரிய அலை போதும், முட்டை போய்விடும். நம்ம ஒரு டாலர் காசில் இருக்கும் அதே பறவைதான்.

ஏற்றிய தண்ணீரை எங்கே விடுவது?

இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஆனால் இதன் விளைவுதான் நம்ம வீக்கெண்டைத் தாண்டி நிற்கும்.

கிரேட் லேக்ஸ் ஏரிகளுக்குள் ஜீப்ரா மஸ்ஸல் வந்தது கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரோடு என்பதுதான் பொதுவான முடிவு. 1988இல் செயிண்ட் கிளேர் ஏரியில் முதலில் கண்டார்கள். பிறகு குடிநீர்க் குழாய், மின் நிலையக் குழாய் எல்லாவற்றிலும் அடைத்துக்கொண்டது. நம்ம ஊரிலும் இதே கதை உண்டு. சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காடு பக்கம் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் மட்டி, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கப்பல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. ஆற்றுப் படுகையைப் பாய் விரித்த மாதிரி மூடி, இறால் பிடிப்பவர்களின் பிழைப்பையே கெடுத்தது. பெரிய கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீருக்கு 2004இல் சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள்; நடைமுறைக்கு வர 2017 ஆனது.

வேக்சர்ஃப் படகு என்பது அந்தக் கப்பலின் குட்டி வடிவம். ஒரு ஏரியில் ஆயிரம் லிட்டர் உறிஞ்சி, டிரெய்லரில் ஏறி, மறுநாள் இன்னொரு ஏரியில் இறங்குகிறது. பம்ப் போட்டுக் காலி பண்ணியாச்சு என்றாலும் டேங்க் காலி இல்லை. 2016இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், வெளியேற்றிய பிறகும் சராசரியாக 30 லிட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. ஜீப்ரா மஸ்ஸலின் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாதவை. அவற்றுக்கு அந்த 30 லிட்டர் தாராளம். மஸ்கோகா ஏரிகளில் கால்சியம் குறைவு என்பதால் மஸ்ஸலுக்கு அங்கே ஓடு வளர்ப்பது சிரமம். ஆனால் ஐரோப்பா, ஆசியாவில் இருந்து வந்த முள்வால் நீர்ப்பூச்சி அங்கே பல ஏரிகளில் ஏற்கெனவே புகுந்துவிட்டது.

2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில், படகைச் சாலையில் கொண்டு போகும் முன் செடி, பாசி எல்லாம் அகற்றி, வடிகால் அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது சட்டம். பேலஸ்ட் படகுக்கு இன்னும் கொஞ்சம் வேலை உண்டு:

• எடுத்த ஏரியிலேயே டேங்குகளைக் காலி பண்ணுங்க. சாலையோரத்தில் வேண்டாம், அடுத்த ஏரியில் வேண்டவே வேண்டாம்.

• டிரெய்லரில் ஏற்றி, சாய்வாக நிற்கும்போது பம்பை இன்னொரு முறை ஓட்டுங்க. மூலையில் தேங்கியது கொஞ்சம் வரும்.

• பைகளை வெளியே எடுத்து, உருட்டிப் பிழிந்து, வெயிலில் காய வைங்க.

• வேறு ஏரிக்குப் போவதென்றால் டேங்குக்குள் சுமார் 49 டிகிரி வெந்நீரை இரண்டு நிமிடம் ஓடவிடுங்க. அதைவிடச் சூடானால் பம்ப் கெட்டுப்போகலாம்.

வெர்மான்ட்காரர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: படகுக்கு ஒரு சொந்த ஏரி. வேறு ஏரிக்குப் போகணும் என்றால் முதலில் சுத்திகரித்துவிட்டுத்தான். விதி இல்லாத இடத்திலும் இது நல்ல பழக்கம்.

அண்ணாவுக்கு நாலு கேள்வி

படகைக் கையில் வாங்கும்போது, பட்டனைத் தொடும் முன், வாடகைக்கு விடுபவரிடம் இந்த நாலையும் கேளுங்க.

1. கையேட்டில் அதிகபட்ச எடை எவ்வளவு? டேங்குத் தண்ணீர் அதில் சேர்த்தியா?

2. போன முறை இந்தப் படகு எந்த ஏரியில் ஓடியது? டேங்கைச் சுத்தம் பண்ணினீங்களா?

3. இந்த ஏரியில் 20 அடிக்கு மேல் ஆழமும், இரண்டு கரையில் இருந்தும் 150 மீட்டர் இடைவெளியும் உள்ள பகுதி எது? வரைபடத்தில் காட்ட முடியுமா?

4. பேலஸ்டை அவசரமாகக் காலி பண்ணும் பட்டன் எது? முழுசாகக் காலியாக எவ்வளவு நேரம் ஆகும்?

நாலுக்கும் தெளிவான பதில் வந்தால், 11 மைலில் தொடங்குங்க. மூணாவதுக்குப் பதில் இல்லை என்றால் அந்த ஏரி இந்த விளையாட்டுக்கு இல்லை. டேங்கைக் காலியாகவே விட்டுவிட்டு, படகை எடுத்துக்கொண்டு மெதுவாக ஏரியைச் சுற்றிப் பாருங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

செட்டிங் போட்டவர்கள் உங்கள் எண்களை அனுப்பி வைங்க: படகு மாடல், எத்தனை பேர், எந்த டேங்க் எவ்வளவு, வேகம். அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.